ரெண்டு மொட்டைச் சாமியார்கள்

அமுதவள்ளிக்கு இரண்டு அண்ணன்கள். இரட்டைப் பிறவிகள். இதில் பெரியவர் யார், சின்னவர் யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்ட எவரும் அவர்கள் ஊரான சிலமலையிலிருந்து நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

வயிற்றிலிருந்து முதலில் வெளியே வந்தவர் ராக்கையா. கொஞ்ச நேரம் கழித்து வந்தவர் மொக்கச்சாமி. அதுவரைக்கும் தகராறு இல்லை. முதலில் வந்தவன்தானே மூத்தவன் என்பது ராக்கையாவின் கட்சி. மொக்கச்சாமி ஜீப்பு ஓட்டுகிறவர். விடிந்தால் போடியில் ஆளேற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் கொண்டுபோய் இறக்குகிறவர். அவர் கட்சியே வேறு.

"ஜீப்புல மொத ஏறுறவன் எங்க உக்காருவான்? உள்ள தள்ளிப் போயி உக்காருவான். கடைசியா ஏறுறவன் வாசல்ல தொங்குவான். எறங்குறப்ப யாருய்யா மொத எறங்குவா? தொங்குனவன்தான எறங்குவான்! நான் மொத ஏறுனவன். அதான் கடைசியா எறங்குனேன்."

ஜீப்பில் போகிற பெண்கள் இதைக் கேட்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். தினம் கண்ணால் பார்க்கிற சங்கதி அல்லவா. ராக்கையா ஏலக்காய் ஸ்டோரில் காய் சலிக்கிறவர். ஒருமுறை ஆத்திரம் தாங்காமல், "எங்க ஸ்டோருக்கு வந்து பாரு, சல்லடையில மொத விழுறது எதுன்னு" என்று ஆரம்பித்துவிட்டார். முதலில் விழுவது பொடிக்காய், பருங்காய் மேலேயே நிற்கும் என்று பக்கத்தில் இருந்தவர் எடுத்துக்கொடுத்தார். அந்த ஆளோடு ராக்கையா இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதனால் கஷ்டம் யாருக்கு? அமுதவள்ளிக்குத்தான். ஒருவரைப் பெரியண்ணே என்றால் இன்னொருவர் சாப்பிட வரமாட்டார். அதனால் ஒருவரை ஜீப்பண்ணே என்றும் மற்றவரை ஸ்டோரண்ணே என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் இவர்கள்தான். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்த கொடுமை வேறு எந்த ஊரில் நடக்கும்? கல்யாண போட்டோவில் பார்த்தால் இரண்டு அண்ணன்களுக்கும் நடுவில் மண்டபத்துத் தூண் ஒன்று சொந்தக்காரரைப் போல நிற்கும்.

பேச்சு நின்ற காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அமுதவள்ளி அழுது முடித்துவிட்டாள். இவர்கள் மீசை முளைக்கிற வயதில் டிவியில் ஜப்பான்காரன் வரைந்த பொம்மைத் தொடர் ஒன்று தமிழ் பேசிக்கொண்டு ஓடியது. பேர் 'இடிவாள் வீரர்கள்'. ஞாயிற்றுக்கிழமை அது ஓடுகிற நேரத்தில் தெருவில் நாய்கூட நடமாடாது என்பார்கள். அந்தத் தொடரை வைத்தே ஒரு சண்டை கேம் செய்து, அது எப்படியோ கடல் தாண்டி, போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடைக்கும் வந்து சேர்ந்தது. ஆள் உயரப் பெட்டி, மேலே டிவி, கீழே இரண்டு குச்சி, வரிசையாகப் பட்டன். அதில் இரண்டு பேரும் மாறி மாறி ஜெயித்துச் சமமாக நின்று, கடைசிச் சுற்று ஆடும்போது பெட்டி அணைந்துவிட்டது. கரண்டு போனது என்றார் ராக்கையா. தோற்கப் போகிறோம் என்று தெரிந்து அவன் காலால் பிளக்கைத் தட்டினான் என்றார் மொக்கச்சாமி. அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய். இதற்குள் இருவருக்கும் தொப்பை விழுந்துவிட்டது, முன்னந்தலை வழுக்கை விழுந்துவிட்டது, வாய் திறக்கவில்லை.

இப்படி இருக்கும்போது அமுதவள்ளியின் மகள் கார்த்திகாவுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. அதில் மாற்றுப் பேச்சுக்கு இடமில்லை. இரண்டு மாமன் இருந்தால் மூத்தவன் மடி. அங்கேதான் குடி கெட்டது.

"காது ரெண்டு இருக்குல்ல? ஆளுக்கு ஒண்ணு" என்று அமுதவள்ளி எளிதாக முடிக்கப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். இடது காது யார் மடியில் என்று இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. சரி, சாமியிடம் பூக்கேட்டுப் பார்ப்போம் என்று வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் பிள்ளை முன்னால் போட்டார்கள். பிள்ளை இரண்டையும் எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

மாமியார் கருப்பம்மாள் சாதாரண ஆள் இல்லை. "ஏன் இழுத்துக்கிட்டு? ஒன் சித்தப்பா மகன் ஒருத்தன் தேவாரத்துல இருக்கான்ல, அவன் மடியில உக்கார வச்சுச் சோலிய முடி. கூடப்பொறந்தவங்க இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்றாள்.

அமுதவள்ளிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மலைபோல இரண்டு அண்ணன்களை வைத்துக்கொண்டு என் பிள்ளை எவன் மடியிலோ உட்காருவதா? நாளைக்கு இந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? அன்றைக்கு ராத்திரி அவள் சோறு தின்னவில்லை. புருஷன் வினோத்குமார் பயந்துபோய் ஆறுதல் சொல்ல வந்தான். அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கேலி பேசத்தான் தெரியும்.

"பேசாம அந்தக் கடைசி ரவுண்ட ஆடி முடிக்கச் சொல்லு. ஜெயிச்சவரு மடியில குத்திருவோம்."

விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டி இவனிடம்தான் இருந்தது. பழைய கேம் கடையைத்தான் இவன் பிடித்து ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறான். தூக்கிப் போட மனமில்லாமல் பின்னறையில் தள்ளி, மேலே பேப்பர் பண்டலை அடுக்கி வைத்திருந்தான். அவன் சொன்னது வேடிக்கைக்கு. ஆனால் அந்த வேடிக்கை எப்படியோ சிலமலை போய்ச் சேர்ந்து, காலையில் இரண்டு அண்ணன்களும் வாசலில் நின்றார்கள். ஒருவர் கிழக்கே பார்த்து, ஒருவர் மேற்கே பார்த்து.

"எனக்குச் சம்மதம்னு சொல்லிரு ஆத்தா" என்றார் ராக்கையா.

"எனக்கும் சம்மதம்னு சொல்லிரு ஆத்தா. ஆனா பிளக்கு பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தன் நிக்கணும்" என்றார் மொக்கச்சாமி.

நரை விழுந்த இரண்டு ஆண்பிள்ளைகள், தங்கச்சி பிள்ளையின் காதுக்காகப் பொம்மைச் சண்டை போடப் போகிறார்கள். அமுதவள்ளி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். வினோத்குமார் செருப்பைக்கூடப் போடாமல் கடைக்குப் போய்விட்டான்.

ஆட்டம் எங்கே? கடையில் ஆடினால் சாட்சி இல்லை. சாமி முன்னால் ஆட வேண்டும் என்று இரண்டு கட்சியும் சொல்லிவிட்டது. ஆக, வெள்ளிக்கிழமை காலையில் ராசிங்காபுரத்துக்கு வெளியே இருக்கிற வினோத்குமாரின் குலசாமி கோவிலுக்குக் கிடா ஒரு வண்டியிலும் பெட்டி மொக்கச்சாமியின் ஜீப்பிலும் போயின. ஜீப்புக்குள் பெட்டி நுழையவில்லை. பெட்டியின் இரும்புக் காலைக் கழற்றினார்கள், அப்போதும் நுழையவில்லை. ஜீப்பின் பக்கவாட்டு சீட்டைக் கழற்றினார்கள், நுழைந்தது. வழியில் சாமி ஊர்வலம் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கோவிலில் இறக்கியதும் பெண்கள் சும்மா இருப்பார்களா? கோவிலுக்குள் வந்த பொருள் ஆயிற்றே. பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, குச்சி இரண்டுக்கும் பூச்சுற்றிவிட்டார்கள். மைக்செட் சின்ராசு ஜெனரேட்டரிலிருந்து லைன் இழுத்துக் கொடுத்தான். படம் வந்தது. பழைய டியூப்பு, நிறமெல்லாம் வெளிறிப்போய் மோர்த்தண்ணி போல ஒரு படம். கால் இல்லாததால் பெட்டி தரையோடு உட்கார்ந்திருந்தது. கழற்றிய ஜீப்பு சீட்டையே முன்னால் போட்டு, அண்ணன்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

எந்த வீரனை எடுப்பது என்று கேட்டது பெட்டி. ராக்கையா வழக்கம்போல நீலமுடிக்காரனை எடுத்தார். நிஜப்பேர் ஏதோ ஜப்பான் எழுத்தில் இருக்கும். போடியில் அவனுக்கு நீலமுடி என்றுதான் பேர்.

"நிறுத்துப்பா!" என்றார் பூசாரி வேலுச்சாமி. கையில் தீபாராதனைத் தட்டோடு வந்து டிவிக்குள் குனிந்து பார்த்தார். "இவன் கால்ல என்ன?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நீலமுடி முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டிருந்தான்.

"செருப்புக்காலோட எஞ்சாமி முன்னாடி நிப்பானா இவன்? கழட்டச் சொல்லு."

"அது கழட்ட முடியாதுங்க. அப்படியே பொறந்தவன்" என்றான் வினோத்குமார்.

"அப்ப வெளிய அனுப்பு."

ராக்கையா எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். பூசாரி அசையவில்லை. ஒவ்வொரு வீரனாகத் தள்ளித் தள்ளிப் பூசாரி காலைப் பார்த்தார். வாள்காரன் கட்டைச்செருப்பு, தள்ளு. ஒற்றைக்கண் ராணி ஹைஹீல்ஸ், சிவசிவா, வெரசா தள்ளு. கடைசியில் வெறுங்காலோடு நின்றவர் ஒரே ஒரு ஆள். மொட்டைச் சாமியார். தொப்பையும் தண்டமுமாக, பார்க்க லட்சணமாக இருந்தார். அவர்தான் மொக்கச்சாமியின் ஆள்.

"இவரு இருக்கட்டும். மத்தவங்க வேணாம்" என்று பூசாரி திருநீறு எடுத்து டிவி கண்ணாடியில் பூசினார்.

வேறு வழி? இரண்டு பேரும் மொட்டைச் சாமியாரையே எடுத்தார்கள். ஒருவர் வேட்டி காவி, ஒருவர் வேட்டி பச்சை என்று அந்தக் காலத்தில் வித்தியாசம் தெரியும். இந்த டியூப்பில் இரண்டும் ஒரே அழுக்கு நிறம்.

ஆட்டம் ஆரம்பித்தது. சாமியார்கள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். ஒருவரை ஒருவர் தாண்டினார்கள். இடம் மாறினார்கள். அதற்குப் பிறகு எந்தச் சாமியார் யாருடையவர் என்று கோவிலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"இதோ ஜீப்புச் சாமியார் அடிக்கிறார்... இல்ல, வாங்குறார்... மன்னிக்கணும், அது ஸ்டோர்ச் சாமியார்!" என்று சின்ராசு மைக்கில் கத்தினான். சிலமலைக்காரர்கள் கைதட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடுகிற இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்பதுதான் கேவலம். மொக்கச்சாமி குச்சியை இந்தப் பக்கம் ஆட்டிப் பார்ப்பார், எந்தச் சாமியார் நகர்கிறார் என்று தேடுவார், அதற்குள் ஏதாவது ஒரு சாமியாருக்கு அடி விழுந்துவிடும்.

ஒரு சாமியார் விழுந்தார். இன்னொருவர் தண்டத்தைத் தூக்கிச் சிரித்தார். அண்ணன்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

"நிக்கிறது நான்னு சொல்லு ஆத்தா!"

"கெடக்குறது அவன்னு சொல்லு ஆத்தா!"

அமுதவள்ளி யாரிடம் என்ன சொல்லுவாள்? மறுபடி ஆட்டம். மறுபடி ஒரு சாமியார் விழுந்தார், மறுபடி நான்கு கைகள் எழுந்தன. பொட்டு வைத்துப் பிரிக்கலாம் என்று ஒருத்தி யோசனை சொல்லி, கண்ணாடியில் ஒரு சாமியார் நெற்றிக்கு நேரே குங்குமம் வைத்தாள். சாமியார் நகர்ந்துபோனார், பொட்டு அங்கேயே நின்றது. அந்த இடத்துக்கு யார் வந்தாலும் அவருக்கு அழகாக இருந்தது.

வெயில் ஏறியது. கிடா கத்தியது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். காது குத்த வந்த ஆசாரி கடிகாரத்தையும் அமுதவள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார். கருப்பம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"போதும்டி ஒங்க அண்ணன்மாரு லட்சணம். பிள்ளைய நாந் தூக்கிட்டுப் போறேன். தேவாரத்துக்காரன் தயாரா உக்காந்துட்டான்."

நிஜமாகவே உட்கார்ந்திருந்தான். அந்தச் சித்தப்பா மகன் புது வேட்டியில், சம்மணம் போட்டு, மடியில் துண்டை விரித்துப் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தான். அவளுடைய கல்யாணத்துக்குக்கூட வராதவன். அமுதவள்ளிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஊரே காறித் துப்புகிற மாதிரி நிற்கிறது, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தங்கச்சி நடுவில் நிற்கிறாள், இதுகளுக்குச் சாமியார்தான் பெரிசாகப் போய்விட்டார். என்ன ஜென்மங்கள்! இரண்டு பேரையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டினால் என்ன என்று தோன்றியது.

அப்போதுதான் அந்த சீட்டைப் பார்த்தாள். ஜீப்பு சீட்டு, ஒடுக்கமானது. இரண்டு பருத்த ஆட்கள் அதில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். தோளோடு தோள். தொடையோடு தொடை. நடுவில் ஒரு ஏலக்காய்கூட விழ இடமில்லை.

"ஆசாரி, ஊசிய எடுத்துக்கிட்டு எம்பின்னாடி வாங்க."

"யாரு மடியிலம்மா?"

"வாங்கன்னா வாங்கய்யா!"

கருப்பம்மாள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள். நேரே போய், இரண்டு அண்ணன்களின் கைகளுக்கும் நடுவே பிள்ளையை நுழைத்து, இரண்டு தொடைகளும் சேருகிற இடத்தில் பொத்தென்று உட்கார வைத்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ வந்து உட்கார்ந்தது என்று முழங்கையை மட்டும் விலக்கி இடம் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பிள்ளை சிணுங்கப் போனது. கண்ணுக்கு முன்னால் இரண்டு மொட்டைத்தலைகள் துள்ளுவதைக் கண்டு வாயைப் பிளந்துகொண்டது. ஆசாரி குனிந்தார். இடது காது.

பிள்ளை வீரிட்டது.

நான்கு கைகளும் குச்சியை விட்டன, பட்டனை விட்டன, பிள்ளையின் மேல் விழுந்தன.

"டேய், தலையப் பிடிடா, ஆட்டுறா பாரு!" என்றார் ராக்கையா.

"நீ மொத காலப் பிடிடா, ஒதைக்கிறா!" என்றார் மொக்கச்சாமி.

சின்ராசு மைக்கைத் தாழ்த்தினான். ஒருத்தருக்கொருத்தர் டேய் போட்டுப் பேசிவிட்டோம் என்பது அண்ணன்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. இரண்டு பேரும் விறைத்துப்போனார்கள். டிவியில் ஆட்ட ஆளில்லாமல் சாமியார்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு காது இருக்குப்பா" என்றார் ஆசாரி மெதுவாக. "நேரம் இல்ல. யாரு மடின்னு சொல்லுங்க."

அண்ணன்களுக்குத் தெரியாமல் அமுதவள்ளி ஒரு காதைக் குத்த வைத்துவிட்டாள். அவர்களுக்குத் தெரிந்து இன்னொன்றை எப்படிக் குத்த வைப்பது? ராக்கையா முகம் சிவந்திருந்தது. மொக்கச்சாமி சீட்டில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தார். அந்த அசைவில் தொடைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, பிள்ளை வழுக்கிக் கீழே இறங்கியது.

"அசையாதடா. பிள்ள நழுவுது" என்றார் ராக்கையா.

மொக்கச்சாமி அசையவில்லை. தம்பியோ அண்ணனோ, யாரோ ஒருவரின் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எவ்வளவு காலமாயிற்று அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து. அவருடைய முகமேதான், கண்ணாடியில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கிழடு தட்டியிருந்தது.

"இன்னுங் கொஞ்சம் ஒட்டி உக்காரு" என்றார்.

ராக்கையா ஒட்டி உட்கார்ந்தார். பிள்ளையை மேலே இழுத்து இருவருமாக நடுவில் வைத்தார்கள். ஒருவர் கை தலையில், ஒருவர் கை காலில்.

"ம், குத்துங்க ஆசாரி" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்கள், ஊசி தங்கள் காதுக்கு வருகிற மாதிரி.

வலது காது. பிள்ளை அழுதது. பிள்ளையைவிட அமுதவள்ளி பெரிதாக அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். கருப்பம்மாள், "பிள்ள அழுகுது சரி, ஒனக்கு எந்தக் காதுலடி குத்துனாங்க?" என்று கேட்டுவிட்டு, தானும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேவாரத்துக்காரன் மடியில் விரித்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிடா கட்டியிருந்த பக்கம் போனான்.

கிடா வெட்டி, சோறு வடித்து, பந்தி போட்டுக் கூப்பிட்டும் அண்ணன்கள் இரண்டு பேரும் எழுந்து வரவில்லை. அமுதவள்ளி போய்ப் பார்த்தாள். ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள்; பெட்டி இருண்டு கிடந்தது. அதற்கு முன்னால் அதே சீட்டில் அதே போல ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை ஒருவர் மேல் தலையும் ஒருவர் மேல் காலுமாக, விக்கல் அடங்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குசுகுசுவென்று, மலையில் இந்த வருஷம் காய் எப்படி, மழை எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சோத்த இங்கனயே கொண்டா ஆத்தா. எந்திரிச்சா பிள்ள முழிச்சிரும்."

சொன்னது எந்த அண்ணன் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு இலை எடுத்துவரப் போனாள்.